சேற்றுக்காலத்துச் சீப்பு

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக்கு ஐந்து பருவங்கள் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். ஐந்தாவது சேற்றுக்காலம். மார்ச் பிற்பகுதியில் மேலே கிடக்கும் பனி உருகிவிடும்; அடிமண் மட்டும் உறைந்தபடியே இருக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண்ணைக் குழைத்துவிடும். உட்சாலைகளில் பாரவண்டிகள் வரக்கூடாது என்று பலகை மாட்டிவிடுவார்கள். அதே வாரங்களில் வீட்டுக்குள்ளும் பருவம் மாறும். சோபாவில், கம்பளத்தில், கறுப்புக் கோட்டில், ஆற்றிவைத்த காப்பியின் மேல் என்று எங்கு பார்த்தாலும் பூனைமுடி.

போர்ட்லண்ட் நகரில் நான் குடியிருந்த பழைய மரவீட்டில் மாடி எனக்கு, கீழ்த்தளம் வீட்டுக்காரம்மாவுக்கு, நடுவில் இருந்த மாடிப்படி கேப்டனுக்கு. கேப்டன் அவர் வளர்த்த மேய்ன் கூன் ஆண்பூனை. பழுப்பில் கறுப்பு வரிகள், கழுத்தைச் சுற்றிப் பிடரி, காது நுனியில் குஞ்சம், எட்டுக் கிலோவுக்குக் குறையாத எடை. படியில் அது படுத்திருந்தால் நாம்தான் தாண்டிப் போகவேண்டும். அது நகர்ந்து கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

பூனைக்கு முடி எப்போது உதிர்வது என்பதைக் குளிரைவிடப் பகலின் நீளம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. பகல் நீள நீளக் குளிர்கால முடி கழன்றுவிடும். எந்நேரமும் விளக்கெரியும் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பி, ஆண்டு முழுக்கச் சிறிது சிறிதாக உதிரும். கேப்டன் பெரும்பாலும் கண்ணாடி போட்ட முன்தாழ்வாரத்தில், இயற்கை வெளிச்சத்தில் கிடக்கும். அதனால் சேற்றுக்காலம் வந்தால் மொத்தமாகக் கழற்றிவிடும்.

அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் குளிர் என்ன செய்யும் என்று புரியும். தோளில் குட்டை, முதுகில் நடுத்தரம், வயிற்றிலும் பின்தொடையிலும் நீளம். பனியில் உட்காரும் இடத்திலும் பனி உரசும் இடத்திலும்தான் முடி மிகுந்திருக்கிறது. தொட்டால் லேசாக எண்ணெய்ப்பசை. தூறல் விழுந்தால் மேலோடு வழிந்துவிடும். வால், உடம்பின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். தூங்கும்போது அதைச் சுற்றி மூக்கை மூடிக்கொள்ளும். பனியில் புதையாமலிருக்க அந்த ஊர்க்காரர்கள் காலில் அகலமான பனிச்செருப்பைக் கட்டிக்கொள்வார்கள். கேப்டனின் விரலிடுக்கில் வளர்ந்திருந்த முடிக்கற்றையும் அப்படித்தான். அந்த வட்டாரத்துப் பழைய பூனைகள் பலவற்றுக்கு ஐந்துக்கு மேல் விரல்களும் இருந்தன. பின்னாளில் போட்டிக்கு விதி எழுதியவர்கள் கூடுதல் விரலை ஒதுக்கிவைத்தார்கள்.

கேப்டனைச் சீவும் வேலை மெல்ல என் பங்குக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். குளிர் நாட்களில் சீப்பு பிடிக்க வராது. வாரத்தில் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே போவேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் சீவுவேன். முதலில் அகலப் பல் எஃகுச் சீப்பு, பிறகு நெருக்கப் பல் சீப்பு. மென்மையான தூரிகை மேலே பளபளப்பைக் கொடுத்துவிட்டு அடியில் சிக்கை அப்படியே விட்டுவிடும் என்பதால் அந்த வீட்டில் தூரிகையே கிடையாது. கன்னத்திலும் தலையிலும் தொடங்கவேண்டும். அங்கே சீவினால் பூனைக்குப் பிடிக்கும். கண் சொருகும் நேரம் பார்த்து முதுகு, விலா, கடைசியில் வயிறு. சிக்கு கட்டும் இடங்கள் மூன்று: காதுக்குப் பின்புறம், முன்னங்கால் அக்குள், பின்தொடை. சிக்கு இருந்தால் கொஞ்சம் சோளமாவைத் தூவி விரலால் பிரிக்கவேண்டும். கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்கும். முடி என்று நினைத்து வெட்டுகிற இடத்தில் தோல் இருக்கும்.

“தோலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து எடுங்கள், அடியிலிருந்து இழுக்காதீர்கள்” என்பார்.

நுனியிலிருந்து எடு என்பது எனக்குப் புதிய பாடமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் பாட்டி என் அக்காவுக்குத் தலை வாரும்போது இதையேதான் சொல்வாள். சீயக்காய் தேய்த்துக் குளித்து, சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்திய முடி. அக்கா அவசரப்பட்டு உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் பாட்டி கையைத் தட்டிவிடுவாள்: “அடியிலேர்ந்து இழுக்காதேடி. நுனிச் சிக்கைப் பிரிச்சிண்டே மேலே வா.” பெரிய மரச்சீப்பில் தொடங்கிப் பேன்சீப்பில் முடியும் அந்த வரிசைகூட ஒன்றுதான். அட்லாண்டிக் கரையில் எஃகுச் சீப்போடு உட்கார்ந்திருந்தபோது என் கைக்கு வேலை தெரிந்திருந்தது என்றால், அது அந்தத் தாழ்வாரத்தில் வேடிக்கை பார்த்தே படிந்தது.

பாட்டி வீட்டிலும் ஒரு பூனை உண்டு. பத்தாயத்தின் அடியில் கிடக்கும். பெயர் கிடையாது. நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பூனை வரும், அவ்வளவுதான் உறவு. அதை யாரும் சீவியதில்லை, குளிப்பாட்டியதில்லை. ஆனாலும் அதன் உடம்பு எப்போதும் துலக்கிவைத்தது மாதிரியே இருக்கும். அதற்கு நாக்கு போதுமாக இருந்தது.

அந்த நாக்கைப் பற்றி 2018இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூனை நாக்கிலுள்ள முட்கள் நுனியில் குழிந்திருக்கின்றன. அந்தக் குழியில் எச்சிலை ஏந்திக்கொண்டுபோய் முடியின் அடியில், தோல்வரை சேர்க்கின்றன. வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம், புலி வரை பார்த்திருந்தார்கள். வீட்டில் வளரும் பாரசீகப் பூனைக்கு மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. முடியை அழுத்தினாலும் அதன் தடிமன் முள்ளின் நீளத்தைவிட அதிகம். நாக்கு தோலை எட்டாது. சிங்கத்துக்கு எட்டுகிறது, மனிதன் அழகுக்காகத் தேர்ந்து வளர்த்த பூனைக்கு எட்டவில்லை. நீளமுடிப் பூனைக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று யாராவது கேட்டால் அந்த இடைவெளியைத்தான் காட்டுவேன். நாக்கு நின்றுவிடும் இடத்திலிருந்து தோல்வரை உள்ள தூரம் நம்முடையது.

மேய்ன் கூன் அந்த அளவுக்குப் போகவில்லை. அதன் முடியைத் தேர்ந்தெடுத்தது முதலில் குளிர்காலம், மனிதன் பிறகுதான் வந்தான். அதன் பூர்வீகம் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் ஒரு கதை இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சாமுவேல் க்ளவ் என்ற கப்பல் தலைவர் அரசி மரீ அந்துவானெத்தைத் தப்பவைக்கத் திட்டமிட்டு, அவருடைய மேசை நாற்காலி, துணிமணி, நீளமுடிப் பூனைகள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினாராம். அரசியைப் பிடித்து 1793 அக்டோபரில் தலையை வெட்டிவிட்டார்கள். கப்பல் மட்டும் மேய்ன் கரைக்கு வந்து சேர்ந்ததாம். விஸ்காசெட் ஊருக்கு ஆற்றின் எதிர்க்கரையில் எட்ஜ்கோம் ஊரில் அரசியின் பெயரைச் சொல்லும் ஒரு பழைய வீடு இன்றும் இருக்கிறது. விஸ்காசெட் பக்கம் பிறந்த அவரிடம் போய் இது கட்டுக்கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரக்கூன் என்னும் விலங்கோடு பூனை கூடிப் பிறந்ததுதான் மேய்ன் கூன் என்ற இன்னொரு கதையை அவரே சிரித்துத் தள்ளிவிடுவார். உயிரியலில் அதற்கு இடமே இல்லை.

நடந்திருக்கக்கூடியது இதைவிட எளிமையானது. பாய்மரக் கப்பல் என்றால் எலி; எலி என்றால் பூனை. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்களில் குட்டைமுடிப் பூனைகளும் நீளமுடிப் பூனைகளும் வந்தன. துறைமுகத்தில் இறங்கி வைக்கோல் கொட்டகைகளில் குடியேறின. முடி வளர்ந்தது போதும் என்று நிறுத்திவைக்கும் மரபணு ஒன்று பூனைக்கு உண்டு. அது பழுதானால் முடி இன்னும் நீளமாக வளரும். ஆனால் பழுதான பிரதி தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தாக வேண்டும். அதனால் நீளமுடி தலைமுறை தலைமுறையாக மறைந்துகிடந்து திடீரென்று ஒரு ஈற்றில் வெளிப்படும். மேய்ன் குளிரில் அப்படி வெளிப்பட்ட குட்டிக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். கொட்டகையில் யாரும் சீவ வரமாட்டார்கள் என்பதால் எளிதில் சிக்காத, வழுவழுப்பான முடிக்கும் வாய்ப்பு கூடுதல்.

கப்பல் என்றதும் எனக்கு மெரினா நினைவுக்கு வரும். கென்னபெக் ஆற்றங்கரையில் ஒரு நாள் நின்றபோது, அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர்காலந்தோறும் உறைந்த ஆற்றை அறுத்துப் பனிக்கட்டிப் பாளங்களாகக் கப்பலேற்றிய கதையைச் சொன்னார்கள். நியூ இங்கிலாந்தின் பனிக்கட்டி வணிகத்தைத் தொடங்கிவைத்த பாஸ்டன்காரர் ஃபிரடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பினார். 1842இல் சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய வட்டக் கட்டடத்தைத்தான் நாம் ஐஸ் ஹவுஸ் என்கிறோம். இப்போது விவேகானந்தர் இல்லம். சின்ன வயதில் அதைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் நடத்துனர் “ஐஸ் ஹவுஸ்” என்று கத்தும்போது, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே கிடையாது. மரத்தூளில் பொதிந்த அந்தக் கட்டிகளோடு வந்த கப்பல்களின் அடித்தளத்திலும் எலி பிடிக்கப் பூனை இருந்திருக்கும்.

மேய்ன் விவசாயிகளுக்குத் தங்கள் கொட்டகைப் பூனைமேல் பெருமை உண்டு. ஸ்கௌஹீகன் சந்தைக்கு மாடு கொண்டுபோகிறவர்கள் பூனையையும் கொண்டுபோய் 1860களிலேயே போட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய ஊரின் கவனம் 1895இல் கிடைத்தது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பூனைக் கண்காட்சியில் முதல் பரிசை வாங்கியது கோசி என்ற மேய்ன் கூன் பெண்பூனை. பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கழுத்துப்பட்டையை இன்னும் பாதுகாத்துவருகிறார்கள். ஆனால் பணக்கார வீடுகளின் கண் சீக்கிரமே இங்கிலாந்திலிருந்து வந்த பாரசீகப் பூனைகள் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளூர்ப் பூனையைப் போட்டியில் சீந்துவாரில்லை. 1950களில் இந்த இனமே அழிந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. மேய்ன் கொட்டகைகளில் அது பாட்டுக்கு எலி பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆர்வலர்கள் சங்கம் வைத்து, வம்சாவளி எழுதி, 1976இல் அமெரிக்காவின் பெரிய பூனைச் சங்கத்தில் முழுப் போட்டித் தகுதி வாங்கிக்கொடுத்தார்கள். 1985இல் மாநில அரசே அதை மாநிலப் பூனையாக அறிவித்தது. வீட்டுக்காரம்மா இந்தக் கதையை எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார்: “அழகு என்று இவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே எங்கள் தாத்தாவுக்கு அது வேலைக்காரப் பூனை.”

கேப்டனின் உருவத்துக்கும் குரலுக்கும் பொருத்தமே கிடையாது. அத்தனை பெரிய உடம்பிலிருந்து ஒரு சின்னக் கீச்சொலிதான் வரும். ஜன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்தாலும் கீச், என்னைப் பார்த்தாலும் கீச். மடியில் ஏறாது, ஆனால் போகிற அறைக்கெல்லாம் கூடவே வந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தில் முதலில் காலை விட்டு அளைந்துவிட்டுத்தான் குடிக்கும். குழாயைத் திறந்தால் ஓடிவரும். மேய்ன் கூன் ஆண்பூனை ஆறிலிருந்து எட்டுக் கிலோ, சிலது அதற்கும் மேல். பெண்பூனை நான்கு, ஐந்து. மற்றப் பூனைகள் ஓராண்டில் முடித்துவிடும் வளர்ச்சியை இது மூன்று முதல் ஐந்தாண்டு வரை இழுக்கும். 2010இல் உலகின் நீளமான பூனை என்று பதிவான ஸ்டூவி ஒரு மேய்ன் கூன். மூக்கிலிருந்து வால்நுனி வரை 123 சென்டிமீட்டர்.

ஆனால் கேப்டனின் அழகை யாராவது புகழ்ந்தால் வீட்டுக்காரம்மா உடனே அதன் இதயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அதற்கு முன் அவரிடம் இருந்த பூனை ஒரு காலையில் பின்னங்கால்கள் விழுந்து அலறியபடி கிடந்தது. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் தமனியை அடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே போய்விட்டது. வயது நான்குகூட ஆகவில்லை. இதயத்தசை தடித்துப்போகும் அந்த நோய் மேய்ன் கூன்களிடம் வம்சமாக வருவது. அதற்குக் காரணமான மரபணுப் பிழை ஒன்றை 2005இல் கண்டுபிடித்தார்கள். சுமார் மூன்றில் ஒரு மேய்ன் கூனிடம் அது இருக்கிறது. ஒரு பிரதி இருந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம்; இரண்டு பிரதியும் இருந்தால் ஆபத்து மிக அதிகம். மரபணுச் சோதனை ஒரு பக்கம், எதிரொலி ஸ்கேன் எடுத்து இதயத்தை நேரில் பார்ப்பது இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டும், ஏனென்றால் அந்தப் பிழை இல்லாத பூனைக்கும் நோய் வருவதுண்டு. கேப்டனுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பார். இடுப்பு மூட்டு நழுவலும் இந்த இனத்தில் உண்டு என்பதால் எடை கூடவும் விடமாட்டார். தட்டில் வைப்பதைத் தராசில் நிறுத்துத்தான் வைப்பார்.

அவர்தான் எனக்கு லிட்டில் நிக்கியின் கதையையும் சொன்னார். டெக்ஸாஸ் பெண்மணி ஒருவரின் மேய்ன் கூன் பூனை இறந்துபோனது. பெயர் நிக்கி. அதன் செல்லிலிருந்து 50,000 டாலர் கொடுத்து இன்னொரு பூனையை உருவாக்கி 2004 டிசம்பரில் வாங்கிக்கொண்டார். விலைக்காக நகலெடுத்துக் கொடுத்த முதல் செல்லப்பிராணி அதுதான். அதற்கு மூன்றாண்டு முன் பிறந்த, உலகின் முதல் நகல் பூனையான சிசி, மூவண்ணப் பூனை ஒன்றின் செல்லிலிருந்து வந்தும் அதன் வண்ணத்தில் பிறக்கவில்லை. மூவண்ணப் பூனையின் தோலில் எந்த இடத்தில் எந்த நிறம் என்பதைக் கருவிலேயே ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தீர்மானித்துக்கொள்கிறது. அதை நகலெடுக்க முடியாது. போன பூனையை அப்படித் திரும்ப வரவழைக்க ஆசை உண்டா என்று நான் கேட்டபோது வீட்டுக்காரம்மா கேப்டனின் வாலில் இருந்த முடியைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: “அதே இதயம் திரும்ப வரும். எனக்கு வேண்டாம்.”

சென்னைக்குத் திரும்பிய பிறகு நீளமுடிப் பூனைகளைப் பார்ப்பது அடுக்குமாடி வீடுகளில்தான். பெரும்பாலும் பாரசீகம்; இப்போது மேய்ன் கூன் குட்டி எங்கே கிடைக்கும் என்றும் கேட்கிறார்கள். அண்ணா நகரில் ஒரு நண்பர் வீட்டில் பாரசீகப் பூனையை என் மடியில் விட்டார்கள். மேலே பஞ்சு, விரலை உள்ளே விட்டால் அக்குளில் அட்டை மாதிரிச் சிக்கு. தூக்கினாலே வலித்திருக்கும். மேசையில் இருந்த சீப்பு குழந்தையுடையது. நண்பரின் மனைவியிடம் கேட்டு வாங்கி, கன்னத்தில் தொடங்கினேன். கை தானாகவே பழைய வரிசைக்குப் போனது: முதுகு, விலா, நுனியிலிருந்து. அக்குளுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, இதை மருத்துவரிடம் காட்டி மழிக்கச் சொல்லுங்கள் என்றேன். அந்த நிலைக்கு வந்த சிக்கை வீட்டில் எடுப்பது வதை.

அன்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த அடிமுடி எளிதில் காயாது. பூஞ்சைத் தொற்று அங்கேதான் பிடிக்கும், மனிதருக்கும் ஒட்டும். குளிப்பாட்டினால் தோல்வரை உலர்த்தவேண்டும். கோடையில் குளிர்ந்த தரையோ குளிரூட்டிய அறையோ வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். தயிர்சாதத்தில் பூனை வாழாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும்; அது குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்து வீங்கும் என்று 1987இலேயே நிறுவிவிட்டார்கள். காய்ச்சலடிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை இறந்துவிடும். பூச்சாடியில் லில்லி கூடவே கூடாது, அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். கழிவுத் தொட்டி பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும்; கடையில் விற்கும் சாதாரணத் தொட்டி மேய்ன் கூனுக்குப் போதாது.

மேய்ன் கூன் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தாய் தகப்பனின் இதய ஸ்கேன் அறிக்கையையும் மரபணுச் சோதனைச் சான்றையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பன்னிரண்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவும் சம்மதிக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், சேர்ந்தாற்போல அரைமணி நேரம், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குச் சீவ உங்கள் வீட்டில் யாருக்கு முடியும் என்று பேசி முடிவெடுங்கள். வேலைக்காரப் பெண் பார்த்துக்கொள்வாள் என்பது முடிவில்லை. சீவ ஆளில்லை என்றால் உங்கள் தெருவிலேயே பிறந்த ஒரு குட்டியை எடுத்துவந்து, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளருங்கள். அதன் முடியை அதன் நாக்கே பார்த்துக்கொள்ளும்.